இருபத்துநாலு கியூபும் ஒரு டிபன் மூடியும்

அக்டோபர் 9, புதன்

இந்த டைரி சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள் லேபுக்குக் கொடுத்தது. ஜனவரியில் வந்தது, அலமாரியிலேயே கிடந்தது. இன்றைக்கு லேபைப் பார்த்துக்கொள்கிற புரொபசர் கோமதிநாயகம் சார் எடுத்து, "அண்ணாச்சி, நீங்க வச்சுக்கோங்க, எழுதறதுக்கு ஆகும்" என்று என் கையில் கொடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அவர் வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து என் கையெழுத்து. அதுவும் கோலம் மாதிரி பார்த்துப் பழகியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மயிலாத்தாள் எட்டாவது வரைக்கும் படித்தவள். "லேப் கதையை ஒரே ராத்திரியில மூணு தடவை சொல்றீங்க. ஒரு தடவை சொல்லுங்க, எழுதிப் போடறேன். மத்த ரெண்டு தடவைக்கு நான் சீரியல் பாத்துக்கறேன்" என்றாள். நாற்பத்திமூணு வருஷமாக என் வீட்டுக்காரி. அவள் கை, என் வாய்.

என் பேர் ராக்கியப்பன். வயசு அறுபத்தொன்பது. கோயமுத்தூருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கான்கிரீட் லேப் அட்டெண்டர். ரிட்டயர் ஆன பிறகும் காண்ட்ராக்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கலவையைக் கையில் எடுத்துப் பார்த்துத் தண்ணி கூடிப்போச்சா குறைஞ்சிருக்கா என்று சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

(மயிலா எழுதுகிறேன்: அப்படி யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனால் எழுதச் சொன்னார்.)

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு ஆயுத பூஜை, லீவு. அதனால் இன்றைக்கே லேபில் பூஜை. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கலவை மெஷின், சல்லடை, கான்கிரீட்டை வார்க்கிற மோல்டு, வார்த்த கட்டியை, அதாவது கியூபை, உடைத்துப் பலம் பார்க்கிற பெரிய மெஷின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். கடைசியாகத் தண்ணித் தொட்டி. அதற்குள், இங்கே ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற ரஹ்மத் நிஷா அம்மாவின் இருபத்துநாலு கியூப் போன நவம்பரிலிருந்து ஊறுகின்றன. தண்ணியைத் திறந்துவிட்டேன். கல்லெல்லாம் ஒரே வழுவழுப்பு. தேங்காய் நார் போட்டு ஒவ்வொன்றையும் தேய்த்தேன். மேலே கறுப்பாக என்னமோ கிறுக்கல், அதுவும் போய்விட்டது. வெள்ளை வெளேரென்று குளிப்பாட்டின குழந்தைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஆளுக்கு மூணு விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜை முடிந்ததும் புதுத் தண்ணி நிரப்பித் திரும்ப இறக்கினேன்.

பொரி, கடலை, ஒரு கொய்யாப்பழம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

(மயிலா: "கிறுக்கலா?" என்று கேட்டேன். "கிறுக்கல்தான், எழுது" என்றார்.)

அக்டோபர் 14, திங்கள்

மிக்சர் பெல்ட் மாற்றினேன். மழை.

அக்டோபர் 19, சனி

நிஷாம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பாலிடெக்னிக் டீச்சர். முப்பத்தாறு வயசு. அஞ்சு நாள் அங்கே பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து இங்கே எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு. சாயப்பட்டறைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி விடுகிறார்களே, அந்தத் தண்ணியில் கான்கிரீட் கலக்கலாமா, கலந்தால் ஒரு வருஷம் கழித்தும் பலம் நிற்குமா என்பதுதான் கேள்வி. போன நவம்பரில் நாலு நாள் வார்த்தோம். முதல் நாள் சுத்தமான போர்வெல் தண்ணி. இரண்டாம் நாள் மூன்றில் ஒரு பங்கு பட்டறைத் தண்ணி. மூன்றாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு. நாலாம் நாள் முழுக்கப் பட்டறைத் தண்ணி. நாளுக்கு ஆறு கியூப் தொட்டிக்குள். வருகிற நவம்பர் 19-லிருந்து நாளுக்கு ஆறாக வருஷம் நிறைகிறது. அப்போது உடைத்துப் பார்த்தால் கடைசி அத்தியாயம் முடிந்தது. தீசிஸ் கொடுக்க ஜனவரி 31 கெடு. ஏற்கெனவே இரண்டு தடவை எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட்டார். இனி ஒரு நாள்கூடக் கிடையாது.

இன்றைக்கு வந்தவர் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கியூபை எடுத்தார். திருப்பினார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். ஏழெட்டுப் பார்த்த பிறகு முகமே மாறிவிட்டது.

"அண்ணா, எழுதினது எதுவுமே இல்லையே! எது எந்தத் தண்ணின்னு இனி எப்படித் தெரியும்?"

நான் பக்கத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தேன்.

"மார்க்கர் பேனாவுல எழுதினேன் அண்ணா. கடைக்காரர் தண்ணியில போகாதுன்னு சத்தியம் பண்ணினார். பெயிண்ட்ல எழுதியிருக்கணும். என் புத்தியைச் சொல்லணும்."

"இப்பத்திய மார்க்கர் எல்லாம் இப்படித்தானுங்க" என்றேன். "முன்னே மாதிரி சரக்கு வர்றதில்லை."

(மயிலா: இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.)

அக்டோபர் 20, ஞாயிறு

வயிறு சரியில்லை. ரசம் சாதம் போதும் என்றேன்.

(மயிலா: நாலு தோசை சாப்பிட்ட பிறகு.)

அக்டோபர் 21, திங்கள்

சாருக்கு விஷயம் போய்விட்டது. நிஷாம்மாவுக்குக் கைடு அவர்தான். நிஷாம்மாவிடம் அவர் போனில் பேசியது லேப் முழுக்கக் கேட்டது. "எம்மா, அடையாளம் இல்லாத கியூபை உடைச்சு என்ன எழுதுவீங்க? புதுசா வார்த்தா இன்னொரு வருஷம். அந்த அத்தியாயம் இல்லாம தீசிஸ் நிக்காது. உங்க மேல எனக்குக் கோவம் இல்லை, ஆனா பொய்யா ஒரு டேபிள் போட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன். நவம்பர் ரெண்டு சனிக்கிழமை வாங்க, முடிவு பண்ணுவோம்."

பெயிண்டில் எழுதியிருந்தால் போயிருக்காது. அது என்னவோ நிசம்தான். முன்னெல்லாம் பசங்க சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு என்று வைப்பார்கள். அது அடையாளம் என்று எனக்கும் தெரியும்.

அக்டோபர் 26, சனி

நிஷாம்மா தீபாவளிக்கு முன்கூட்டியே எங்களுக்கு ஸ்வீட் டப்பா கொண்டுவந்தார். முந்திரிக் கேக். "நோன்புப் பெருநாளைக்கு உங்க வீட்டு முறுக்கு சாப்பிட்டேனில்லை, கணக்கு சரி" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பீரோவிலிருந்து தன் நோட்டுகளை எடுத்துப் பையில் வைத்தார். எல்லா நோட்டையும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "பாவம்" என்றாள் மயிலா. "வெளியிலிருந்து பார்த்தா நாலு வகையும் ஒரே கல்லுத்தானா? ஒண்ணுக்கொண்ணு தெரியாதா?"

"தெரியாம என்ன? எனக்குத் தெரியும்."

பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"முகம் தெரியுமில்ல. நான் அள்ளிப் போட்டு, நான் தட்டி, நான் கழட்டினது. முதல் நாள் வார்த்தது எது, நாலாம் நாள் வார்த்தது எதுன்னு பார்த்தாத் தெரியும்."

"இதை அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் எழுத்து ஏன் அழிஞ்சுதுன்னு பேச்சு வரும்."

"வரட்டும்."

"அப்புறம் எனக்கு..." என்று ஆரம்பித்தேன். மேலே எழுத வேண்டாம் என்று சொன்னேன்.

(மயிலா: எழுதவில்லை. நான் இப்போது சொல்வதை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லும் வரைக்கும் இந்த டைரிக்கு நான் பேனா பிடிக்க மாட்டேன்.)

அக்டோபர் 28, திங்கள்

(மயிலா: இன்று எழுதவில்லை. அவர் சொல்லவில்லை.)

அக்டோபர் 31, வியாழன்

(மயிலா: தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தார். புது வேட்டி. "இன்னிக்காவது எழுது" என்றார். முறுக்கு மட்டும் கொடுத்தேன்.)

நவம்பர் 2, சனி

சொல்லிவிட்டேன். மயிலா பேனாவை எடுத்துவிட்டாள்.

பத்து மணிக்கு நிஷாம்மா வந்தார். கையில் ஒரு கவர். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சாருக்கு எழுதின கடிதம். "தமிழ்லதான் எழுதியிருக்கேன் அண்ணா. படிச்சுப் பாருங்க, மரியாதையா இருக்கான்னு சொல்லுங்க" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். பார்த்தேன். வரி வரியாக அழகாகத்தான் இருந்தது.

"கண்ணாடி கொண்டு வரலீங்க" என்றேன்.

"நெத்தியில இருக்குதே அண்ணா."

கையை மேலே கொண்டுபோனேன். இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று வாயில் வந்துவிட்டது. அது வந்ததும் அதற்குப் பின்னால் நின்றது எல்லாம் வரிசையாக வந்தது. பூஜை, தேங்காய் நார், கிறுக்கல்.

"எழுத்துன்னு தெரியாமத் தேய்ச்சீங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "பாதி தேய்க்கறப்பவே தோணுச்சுங்க, இது எழுத்தா இருக்குமோன்னு. அதுக்குள்ள பன்னெண்டு கல்லு வெளுத்தாச்சு. மிச்சத்தை மட்டும் அழுக்கா விட மனசு வரலீங்க."

நிஷாம்மா சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு, "இருங்கண்ணா, முதல்ல நான் கோவப்பட்டுக்கறேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே கோபப்பட்டார். மூக்கு சிவந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்து, "சந்தனம் வேற வச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஒவ்வொண்ணுக்கும் மூணு விரலுங்க."

"குங்குமம்?"

"அதுவும்தானுங்க."

சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை. கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தார். "ரெண்டு வாரமா என்னை நானே திட்டிட்டிருக்கேன். போதாததுக்கு அந்த மார்க்கர் கடைக்காரர்கிட்டப் போய்ச் சண்டை போட்டு, அவர் மன்னிப்புக் கேட்டு வேற பேனா கொடுத்தார் அண்ணா! இப்ப அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அப்போதுதான் முகம் தெரியும் என்கிற விஷயத்தைச் சொன்னேன். தொட்டியிலிருந்து நாலு கல்லை எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தேன். முதல் நாள் மோல்டுக்கு எண்ணெய் அதிகமாகப் பூசிவிட்டேன். அந்தக் கியூபுகளுக்குக் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி பொடிப் பொடிக் குழி. இரண்டாம் நாள் பத்தே முக்காலுக்குக் கரண்ட் போய்ப் பன்னிரண்டு நிமிஷம் கழித்து வந்தது. அதற்குள் கலவையை அதிர்த்து இறுக்குகிற மெஷினுக்குப் பதிலாக இரும்புக் கம்பியால் கையாலேயே குத்தி இறுக்கினோம், அதனால் மேல் மூலையில் சொரசொரப்பு. மூன்றாம் நாள் மோல்டு போல்ட்டெல்லாம் கொஞ்சம் இளகியிருந்தது, ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு வரம்பு. நாலாம் நாள் மட்டம் தட்டுகிற கரண்டி காணவில்லை, என் டிபன் பாக்ஸ் மூடியால்தான் மேலே வழித்தேன். மூடியின் வளையம் பிறை நிலா மாதிரி பதிந்திருக்கிறது.

நிஷாம்மா பையிலிருந்து அன்றைய நோட்டை எடுத்துப் புரட்டினார். இரண்டாம் நாள் பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார்: "மின்சாரம் இல்லை, 10.44 முதல் 10.56 வரை." படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கடிதத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். மடித்துப் பைக்குள் வைத்தார். முடிவு தெரியாமல் கிழிப்பாரா, டீச்சர் அல்லவா.

(மயிலா: அந்த மூடியைப் போன கார்த்திகையிலிருந்து தேடுகிறேன். பக்கத்து வீட்டு ராஜாமணி மேல் சந்தேகப்பட்டு மூன்று மாசம் பேசாமல் இருந்தேன். நாளைக்கு அவளிடம் என்ன சொல்வேன்?)

நவம்பர் 3, ஞாயிறு

மயிலா ராஜாமணி வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோனாள். எதற்கு என்று அந்தம்மா கேட்டதற்குச் சும்மா என்றாளாம். என்னை மட்டும் உண்மை பேசச் சொல்கிறாள்.

நவம்பர் 9, சனி

சார் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி ஞாபகத்துல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஞாபகம் டேட்டா கிடையாது. எக்ஸாமினர் கேட்டா, எங்க அண்ணாச்சி சொன்னாருன்னா சொல்ல முடியும்?" என்றார். பிறகு அவரே, "சரி, சோதிச்சிருவோம்" என்றார்.

அந்த நாலு நாளும் நாளுக்கு இரண்டாக எட்டுக் கியூப் அதிகம் வார்த்திருந்தோம். அது நிஷாம்மாவின் பாலிடெக்னிக்கில் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் மட்டும் அங்கேயே பெயிண்டில் எழுதிவைத்திருந்தார். அதை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சார் என்னை வெளியே அனுப்பிவிட்டு எழுத்தின்மேல் டேப் ஒட்டினார். திரும்ப உள்ளே போனேன். மேஜைமேல் எட்டுக் கல். சுற்றிலும் இரண்டு புரொபசர், நாலைந்து ஆராய்ச்சிப் பசங்க.

"டேப் வேண்டாமுங்க சார்" என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஒட்டினாலும் ஒண்ணுதான், ஒட்டாட்டியும் ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை. சார் என்னையே பார்த்தார். "டைரி கொடுத்தேனே அண்ணாச்சி?"

"வீட்டுக்காரி எழுதறாங்க."

"சரி. டேப் இருக்கட்டும். எனக்குப் படிக்கத் தெரியுமில்லா" என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதலாவது, மூணாம் நாள். அடுத்தது, முதல் நாள். அடுத்தது மூடி வளையம், நாலாம் நாள். நிஷாம்மா நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அப்படியே நாலு ஆயிற்று. ஐந்தாவதுக்கு மேல் பக்கம் ஆட்டோவில் வரும்போது உடைந்து போயிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் நாளாக இருக்கலாம், மூன்றாம் நாளாகவும் இருக்கலாம். மூன்றாம் நாள் ஒன்று வந்துவிட்டது, இரண்டாம் நாள் இன்னும் ஒன்றுகூட வரவில்லை, அப்போ இது இரண்டாம் நாள்தான் என்று மனசு கணக்குப் போட்டது. நிஷாம்மா முகத்தைப் பார்த்தேன். பிறகு கல்லைப் பார்த்தேன்.

"இது தெரியலீங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுங்க. முகம் இல்லை. தெரியலை."

ஆறும் ஏழும் சொன்னேன். எட்டாவதைத் தூக்கினதுமே கீழே வைத்துவிட்டேன். "இது நம்ம வீட்டுப் புள்ளையே இல்லீங்க. மோல்டே வேற."

சார் டேப்பைப் பிரித்தார். சொன்ன ஆறும் சரி. எட்டாவது வேறொரு பையனுடைய கியூபாம், வேண்டுமென்றே நடுவில் வைத்திருக்கிறார். நிஷாம்மாவினுடையது ஒன்றை அவர் ரூமிலேயே ஒளித்து வைத்திருந்தார். நான் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தால் மாட்டியிருப்பேன். உடைந்த கல் மூணாம் நாளாம்.

மற்ற புரொபசர்கள் கையைத் தட்டினார்கள். சார் தட்டவில்லை. நிஷாம்மாவிடம் திரும்பி, "ஆறு சரியாச் சொன்னதுக்காக இல்லைம்மா. தெரியலைன்னு சொன்னாரு பாத்தீங்களா, அதனாலதான் மத்ததை நான் நம்புதேன். எழுதுங்க. அழிஞ்சது எப்படிங்கறதையும் எழுதணும், சந்தனம் உட்பட" என்றார்.

நிஷாம்மா வராண்டாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார். "இல்லைங்க, விடலை! விடலைன்னு சொல்றேன்!" என்று கத்தினார். காலேஜ் முழுக்கக் கேட்டிருக்கும்.

நவம்பர் 16, சனி

இருபத்துநாலையும் பார்த்து முடித்தோம். இருபத்தொன்று தெரிந்தது. மூன்று தெரியவில்லை. அவற்றைத் தனியாக வைத்துவிட்டோம். நிஷாம்மா ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பெயிண்டில் எழுதினார். "அண்ணா, இதைத் தேய்ச்சீங்கன்னா உங்களையும் மெஷின்ல வச்சு அமுக்கிடுவேன்" என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

நிஷாம்மா லீவு போட்டுவிட்டு வந்தார். வாரம் பூராவும் லீவு. முதல் நாள் கியூபை மெஷினில் வைத்து அழுத்தினேன். முள் ஏறுகிறது, ஏறுகிறது. டப்பென்று ஒரு சத்தம். நாற்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்தான், ஆனால் இன்றைக்குத்தான் நெஞ்சு துடித்தது.

நவம்பர் 22, வெள்ளி

இருபத்தொன்றும் உடைத்தாயிற்று. மூன்றில் இரண்டு பங்கு பட்டறைத் தண்ணி வரைக்கும், போர் தண்ணிக்குக் கொஞ்சமும் குறையவில்லை. முழுக்கப் பட்டறைத் தண்ணிதான் கொஞ்சம் இறங்கியது, அதுவும் நினைத்த அளவுக்கு இல்லை. நிஷாம்மா நம்பரைக் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டு உடைந்த தூளுக்கு நடுவில் குதித்தார். செருப்பெல்லாம் சிமெண்டு.

போன வருஷத்திலிருந்து லேபிலேயே கிடக்கிற டிபன் மூடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். முடியாதாம். அது இப்போது சாட்சியாம்.

ஜனவரி 30, வியாழன்

புது வருஷம் பிறந்தாயிற்று. இந்த டைரியின் முன்பக்கமெல்லாம் காலியாகக் கிடக்கிறதே, அதில் எழுதுகிறாள் மயிலா. கிழமையை மட்டும் அடித்துத் திருத்துகிறாள்.

நிஷாம்மா தீசிஸைக் கொடுத்துவிட்டார், கெடுவுக்கு ஒரு நாள் முன்னால். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு கியூபில் பாதி கனம் இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கு வைவா, நிஷாம்மாவுக்கு வாய்மொழிப் பரீட்சை. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் அம்மா வந்திருந்தார். வெள்ளை முடி, பெரிய கண்ணாடி. நான் டீ கொண்டுபோகிற சாக்கில் கதவோரம் நின்றேன். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ஒரு இடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திரையில் பார்த்தால் என் டிபன் மூடி! வீடு அளவுக்குப் பெரிசாக, பக்கத்தில் ஸ்கேல் வைத்து.

எக்ஸாமினர் அம்மா தமிழில் கேட்டார். "பெரியவரே, அந்த மூணு கியூபையும் சும்மா ஏதாவது ஒண்ணுல சேர்த்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க" என்றேன். "இந்தச் சனியன் பிடிச்ச ஞாபகம் எதையும் விடறதில்லை."

கூடம் சிரித்தது. அந்தம்மாவும் சிரித்தார், ஆனால் ஏதோ குறித்துக்கொண்டார்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். நிஷாம்மா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "அண்ணா, ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறதுங்க?"

"எதையாவது. லேப் கதை."

எண்பத்தாறாம் வருஷம் தொட்டிக்குள் ஒருத்தர் தவறி விழுந்த கதையை ஆரம்பித்தேன். அவர் எழுந்திருக்கும் முன்னே கதவு திறந்தது. சார் வந்தார். கையை நீட்டினார். "வாழ்த்துகள் நிஷாம்மா. பாஸ்."

நிஷாம்மா கையைக் கொடுக்க மறந்து, "அப்புறம் அந்த ஆள் எந்திரிச்சாரா இல்லையா அண்ணா?" என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

(மயிலா: சாயங்காலம் நிஷா வீட்டுக்கே வந்தாள். எனக்குப் புது டிபன் பாக்ஸ், மூன்று அடுக்கு, மூடி கெட்டியாக இருக்கிறது. தீசிஸில் நன்றிப் பக்கத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். சாருக்கு அடுத்தபடியாக அவர் பேர். அதற்கடுத்தபடியாக என் பேர்: மூடி தந்து உதவியவர். நான் எங்கே தந்தேன்?)

அக்டோபர் 1, புதன்

மறுபடியும் ஆயுத பூஜை. லேபில் நேற்றே முடிந்தது. இன்றைக்கு வீட்டில்.

தெரியாத மூன்று கியூபில் ஒன்று சாரிடம் இருக்கிறது, ஒன்று நிஷாம்மாவின் மேஜையில், ஒன்று எங்கள் வீட்டு வாசலில், கதவு காற்றில் அடிக்காமல் இருக்க. அதன் மேல் மயிலா மஞ்சள் பெயிண்டில் என்னமோ எழுதி வைத்திருக்கிறாள். என்ன என்று கேட்டதற்கு, "தெரியலைன்னு எழுதியிருக்குது" என்றாள்.

"உனக்கே தெரியலையா?"

"அதுல எழுதியிருக்கறதே அதுதானுங்க. தெரியலை."

அரிவாள்மணை, கத்தி, அம்மிக்கல், சைக்கிள் எல்லாம் கழுவினேன். கடைசியாக இதை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துத் தூசி. தேங்காய் நாரை நனைத்து நாலு பக்கமும் தேய்த்தேன். மேல் பக்கம் வந்ததும், அந்த மஞ்சள் எழுத்தைச் சுற்றி ஓரமாக, விரல் நுனியால் மட்டும் தேய்த்தேன். சந்தனத்தையும் தள்ளியே வைத்தேன்.

(மயிலா: அது ஆயில் பெயிண்டு, எப்படித் தேய்த்தாலும் போகாது என்று மூன்று தடவை சொன்னேன். கேட்கவில்லை.)